கருவாட்டுப் பெட்டியில் வந்த மந்திரித்த உப்பு

நெஞ்சு படபடக்க ஜெபிக்கிற சகோதர சகோதரிகளுக்கு, கடியப்பட்டணத்துக்காரி ஜெசிந்தா எழுதுகிறேன். தைரியமாக ஜெபிக்கிறவர்களுக்கு என் கதை அவ்வளவாகத் தேவைப்படாது. பயந்துகொண்டே ஜெபிக்கிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

2012-ஆம் வருடம், தவக்காலம். ஒரு புதன்கிழமை காலை. நெத்திலிக் கருவாட்டுப் பாக்கெட்டுகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. என் வீட்டுக்காரரைச் சுங்க அலுவலகத்தில் பிடித்து வைத்துவிட்டார்களாம். ஊரிலிருந்து எங்களுக்கு வந்த கருவாட்டுப் பெட்டிகளுக்குள் வெள்ளைப் பொடி இருந்ததாம். ஒரு பெட்டியில் அல்ல, எல்லாப் பெட்டியிலும்.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். வளைகுடாவில் எந்த நாடு என்று எழுத மாட்டேன், இப்போதும் அங்கேதான் சோறு தின்கிறோம். ஆனால் போதைப்பொருள் என்று ஒரு வார்த்தை காகிதத்தில் ஏறிவிட்டால் அந்த நாடுகளில் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும். எத்தனை வருடம் என்று கேட்கக்கூட ஆள் கிடைக்காது.

நாங்கள் அந்த நிலைக்கு எப்படி வந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

2004-இல் எங்களுக்குக் கல்யாணம். என் வீட்டுக்காரர் ததேயு ஏசி மெக்கானிக். கடல்காரனுக்குப் பிறந்தவர்தான், ஆனால் வள்ளத்தில் ஏறினால் கரை மறைவதற்குள் வாந்தி எடுத்துவிடுவார். அதனால்தான் விசா எடுத்தார். மறு வருடம் என்னையும் அழைத்துக்கொண்டார். நான் நாகர்கோவிலில் பி.காம். படித்தவள். ஒற்றை அறைக் குடியிருப்பில் சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத ஜென்மம். மகள் ரெனி பிறந்த பிறகு, வீட்டில் இருந்தே ஏதாவது செய்ய வேண்டும் என்ற அரிப்பு இன்னும் கூடிவிட்டது.

அப்போதுதான் இன்டர்நெட்டில் படம் போட்டு விற்கும் பழக்கம் அங்கே பரவிக்கொண்டிருந்தது. முதலில் சுடிதார் துணி விற்றேன். போட்டோவில் மயில் கழுத்து நிறமாக இருந்தது, வாங்கினவர் கையில் பாசி நிறமாகப் போய்ச் சேர்ந்தது. போன துணியில் பாதி திரும்பி வந்தது. எனக்கும் ரெனிக்கும் பல வருடத்துக்குச் சுடிதார் வாங்க வேண்டியிருக்கவில்லை. பிறகு குழந்தைகள் பொம்மை விற்றேன். அதே பொம்மை கீழே இருக்கும் கடையில் தொங்கியது. என்னிடம் ஏன் வாங்குவார்கள்? அதுவும் படுத்துவிட்டது. இரண்டு தடவையும் ஜெபித்துத்தான் தொடங்கினேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவதுதான் கருவாடு. அது நான் யோசித்து எடுத்ததல்ல. மாமியார் கொடுத்தனுப்பிய சாளைக் கருவாட்டை ஒரு நாள் பொரித்தேன். மணம் படியிறங்கிப் போய், முன்பின் பேசாத பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் எல்லாம் கதவைத் தட்டினார்கள். சண்டைக்கு வருகிறார்கள் என்று பயந்து கதவைத் திறந்தால், எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். அன்று இரவே பேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கினேன். இதையுமா இன்டர்நெட்டில் வாங்குவார்கள் என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். வாங்கினார்கள். நர்சுகள் வாங்கினார்கள், தொழிலாளர் கேம்பில் இருக்கும் பையன்கள் சேர்ந்து வாங்கினார்கள். தன் வீட்டு முகவரி கொடுக்க வெட்கப்பட்டு அலுவலக வாசலுக்கு வரச் சொன்ன பெரிய மனிதர்களும் உண்டு.

தெரிந்த ஒரு மலப்புரத்துக்காரருடைய மளிகைக் கடை லைசென்சில் சரக்கு வரும். கையெழுத்துப் போட்டு எடுப்பது என் வீட்டுக்காரர். ஊரில் மாமியார்தான் எல்லாம். கரையில் ஏலம் எடுப்பது, கீறி உப்பிட்டுக் காயவைப்பது, பாக்கெட் போட்டுப் பெட்டி கட்டுவது எல்லாம் அவர்தான். எனக்கு வாய்த்த கூட்டாளிகளிலேயே நாணயமானவர் மாமிதான். இதைச் சொன்னால் அவர் நம்ப மாட்டார், நானும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டேன்.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். போன் செய்தது அந்த மளிகைக் கடைக்காரர்தான். விவரத்தைச் சொன்னார், தன் பெயரை எங்கேயும் இழுக்க வேண்டாம் என்று கெஞ்சினார், வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. என் வீட்டுக்காரர் போன் அணைந்து கிடந்தது. நான் மாமியாரைக் கூப்பிட்டேன். மகனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. அவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து அதிக நாளாகவில்லை. பெட்டியில் கருவாடு தவிர வேறு ஏதாவது வைத்தீர்களா என்று மட்டும் கேட்டேன். நான் நன்றி சொல்லத்தான் கேட்கிறேன் என்று நினைத்து, பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி மக்களே என்று கூப்பிட்டுச் சொன்னார்.

“எல்லாப் பெட்டியிலயும் மந்திரிச்ச உப்பு வச்சேன் மக்களே. ஒண்ணுலயும் மறக்கல்ல. கல்லுப்பு கவரக் குத்திப்போடும்ணு மிக்சியில மாவு போல அடிச்சாக்கும் வச்சேன். மெழுகுதிரியில காட்டி வாய ஒட்டியிருக்கேன், ஒரு தரி வெளிய வராது.”

எங்கள் ஊர்க் கோயிலில் உப்பும் மிளகும் நேர்ச்சையாக வைப்பது வழக்கம். பங்குச் சாமியார் ஜெபித்து மந்திரித்த அந்த உப்பில் ஒரு நுள்ளு எடுத்து வந்து புது வள்ளத்தில் போடுவார்கள். வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவன் பையில் வைப்பார்கள். என் மாமியாருக்குக் கருவாட்டுப் பெட்டியும் கடல் தாண்டிப் போகிற ஒன்றுதான். மருமகள் இரண்டு தொழிலில் தோற்றவள், இதிலாவது ஜெயிக்கட்டும் என்று வைத்திருக்கிறார். விரல் நீளப் பொட்டலம், மாவு போல வெள்ளைப் பொடி, தீயில் ஒட்டிய வாய், சரக்குப் பட்டியலில் பெயர் இல்லை, ஒவ்வொரு பெட்டியிலும் கருவாட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தது போல ஒன்று. கடத்தல்காரன்கூட இவ்வளவு பக்குவமாகக் கட்டியிருக்க மாட்டான்.

நல்லது மாமி என்று சொல்லிப் போனை வைத்தேன். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு ஜெபம் வரவில்லை. செபமாலையைக் கையில் எடுத்தேன். ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்குவேன், பாதியில் அவர் என்ன சாப்பிட்டிருப்பார் என்று போய்விடும். மறுபடி தொடங்குவேன், அடித்திருப்பார்களோ என்று போய்விடும். கோபமும் வந்தது. உம்முடைய கோயில் உப்புதானே ஆண்டவரே, நாங்கள் வேறு எதையும் வைக்கவில்லையே, உம்மை நம்பி வைத்ததற்கா இப்படி என்று வாய்விட்டே கேட்டேன். ரெனி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, அப்பா எப்போது வருவார் என்று கேட்டாள். பெரிய ஏசி ஒன்று கெட்டுப்போச்சு, சரிபண்ணிட்டு வருவார் என்றேன்.

அவளைத் தூங்கவைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் முழங்கால் போட்டேன். மனப்பாடமான ஜெபம் எதுவும் வரவில்லை. உள்ளே இருந்த பயம் அப்படியே வார்த்தையாக வந்தது.

“ஆண்டவரே, அது உப்புதான். உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அங்க இருக்கிறவங்களுக்குத் தெரியாது. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. அது உப்புண்ணு அவங்க பாஷையில சொல்ல எனக்கு ஒரு ஆளத் தாரும். வேற ஒண்ணும் கேக்கல்ல.”

சொன்ன பிறகு நிம்மதி வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. விடியும்வரை ஒவ்வொரு தடவை லிப்ட் திறக்கும் சத்தம் கேட்கும்போதும் எழுந்து போய்க் கதவுக் கண்ணாடியில் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை ரெனியைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, சாயங்காலம் அவளை அழைத்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுச் சுங்க அலுவலகத்துக்குப் போனேன். வாசல் காவலாளி உள்ளே விடவில்லை. எனக்கு அரபி தெரியாது. இந்தி அரைகுறை. என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன், கையெடுத்துக் கும்பிட்டேன். போ, போ என்று கையை ஆட்டினார். வெள்ளியும் சனியும் அங்கே விடுமுறை. அன்று போனால் இனி ஞாயிற்றுக்கிழமைதான். என்ன செய்வது என்று தெரியாமல், சரக்கு எடுக்க வருகிறவர்கள் உட்காரும் தகரக் கொட்டகையில் போய் நின்றேன்.

அந்த நேரம் பார்த்து மாமியார் கூப்பிட்டார். மகன் ஏன் போன் எடுக்கவில்லை என்று கேட்கிறார். “அவிய டூட்டிக்குப் போயிருக்காவ மாமி. போன்ல சார்ஜ் இருக்காது. நீங்க மாத்திர போட்டியளா?” என்று கேட்டேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு நின்ற தாடிக்காரர் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி, நீங்க எந்தக் கரை?” என்றார்.

கடியப்பட்டணம் என்றேன். தனக்குக் குளச்சல் என்றார். கூப்பிடு தூரத்து ஊர். அவ்வளவுதான், எனக்கு அடக்க முடியவில்லை. முன்பின் தெரியாத மனிதர் முன்னால் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மிக்சியையும் மெழுகுதிரியையும்கூட விடவில்லை. அவர் பெயர் அமீர். பல வருடமாக அங்கே கம்பெனிகளுக்குச் சரக்கு எடுத்துக் கொடுக்கும் வேலை. அண்ணன் முறை வைத்து நாங்கள் இன்று வரை அமீர் காக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

“கோயில் உப்பு மிளகுதானே? நான் மொதல் விசாவுல வரும்போ எங்க உம்மா சட்டைப் பையில வச்சுத் தந்த சாதனமாக்கும் அது.”

அவர்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் எங்கள் கரைப் பெண் ஒருத்தி கொடுத்ததாம். அவர் அம்மா அதை வாங்கிப் பத்திரமாக வைத்திருந்து, மகன் கிளம்பும்போது துவாவும் ஓதி, இதையும் வைத்து அனுப்பினாராம். அது உப்பு என்று அவர்கள் பாஷையில் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டேன். அந்த உப்பையே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்த ஆளை ஆண்டவர் எனக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்.

ஆனால் ஆள் கிடைத்ததோடு பயம் தீரவில்லை. அமீர் காக்கா உள்ளே போய்விட்டு முகம் வாடித் திரும்பினார். அதிகாரி கெட்டவர் இல்லையாம். உப்பு என்று நீ சொன்னால் நான் எப்படி எழுதுவேன், பரிசோதனை சொல்லட்டும் என்றாராம். நியாயம்தான். ஆனால் பரிசோதனைக்கு வரிசை இருக்கிறது. அன்று மதியத்துக்குள் அனுப்பாவிட்டால் விடுமுறை வந்துவிடும். விடுமுறை முடிந்ததும் கோப்பு போதைப்பொருள் பிரிவுக்குப் போய்விடும். கோப்பு போனால் ஆளும் கூடவே போவார். அங்கே தனக்கு யாரையும் தெரியாது என்றார். அவசரம் என்று எழுதி முன்னால் அனுப்ப, மேலதிகாரி ஒருவரால்தான் முடியுமாம். அவரிடம் கேட்டால் கத்துவார் என்று எல்லோருக்கும் பயமாம்.

அமீர் காக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“பயப்படாண்டாம் தங்கச்சி. இப்ப வாங்கு சொல்லும். தொழுதிட்டு வாற மனுசன் கொஞ்சம் எளகியிருப்பான். அப்பக் கேக்கேன்.”

தொழுகைக்கு அழைக்கும் வாங்கு ஒலித்தது. அந்த வளாகத்துக்குள்ளேயே தொழுகை அறை இருந்தது. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள், அமீர் காக்காவும் போனார். நான் வெளியே கைப்பைக்குள் கையை விட்டு, யாருக்கும் தெரியாமல் செபமாலை மணியை உருட்டினேன். முந்தின நாள் வராத ஜெபம் அப்போது வந்தது. உள்ளே அவர்கள் குனிந்து எழுகிறார்கள், வெளியே நான் மணி தள்ளுகிறேன். கேட்பதெல்லாம் ஒரே மனிதனுக்காக என்று எனக்குத் தோன்றியது.

வெளியே வரும் வழியிலேயே அமீர் காக்கா அந்த மேலதிகாரியைப் பிடித்துவிட்டார். அவர் செருப்பு மாட்டும்வரை இவர் பேசிக்கொண்டே இருந்தார். என்னைக் கை காட்டினார். அந்த மனிதர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். தலையை ஆட்டினாரா இல்லையா என்று தூரத்திலிருந்து தெரியவில்லை. சற்றுக் கழித்து அமீர் காக்கா வந்து, பொட்டலங்கள் பரிசோதனைக்குப் போய்விட்டன என்றார். நான் அங்கேயே முழங்கால் போட்டிருப்பேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள்.

இனி காத்திருப்பதுதான் என்று உட்கார்ந்தபோது புதிதாக ஒரு பயம் பிடித்தது. மாமியார் எந்த மிக்சி ஜாரில் அரைத்தார்? அவர் கறி மசாலாவுக்குக் கசகசா போட்டு அரைப்பவர். நம் ஊரில் சாதாரணமாகக் குருமாவில் போடும் கசகசா அந்த நாட்டில் தடை செய்யப்பட்டது. பை ஓரத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்ததற்கே மாட்டிக்கொண்டவர்கள் கதையைப் பூசைக்குப் போகும் இடத்தில் கேட்டிருக்கிறேன். அந்த ஜாரில், பிளேடுக்கு அடியில், ஒரு நுள்ளு இருந்துவிட்டால்? உப்பு என்று நிரூபிக்கக் கேட்டு வாங்கிய பரிசோதனையே என் வீட்டுக்காரரைக் குழியில் தள்ளிவிடுமே. மாமியாரைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஏல நேரம், கரையில் இருப்பார். மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. ஆண்டவரே, மாமி அன்றைக்கு ஜாரைக் கழுவியிருக்க வேண்டும் என்று ஜெபித்தேன். சிரிக்காதீர்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு உருகி வேறு எதற்கும் நான் ஜெபித்ததில்லை.

வெயில் சாய்ந்தது. சரக்கு எடுக்க வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அமீர் காக்கா தன் வேலை முடிந்தும் போகவில்லை. ஒரு தண்ணீர் பாட்டிலை என் பக்கத்தில் வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். அலுவலகம் மூடும் நேரம். விளக்குகளை அணைக்கத் தொடங்கினார்கள்.

பக்கவாட்டுக் கதவு திறந்தது. என் வீட்டுக்காரர் வந்தார். பெல்ட்டை வாங்கி வைத்திருந்ததால் பேண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்தார். முகத்தில் இரண்டு நாள் தாடி முளைத்திருந்தது. என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் வார்த்தை, “ரெனி சாப்பிட்டாளா?”

அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னாலேயே வந்த மேலதிகாரி அமீர் காக்காவிடம் ஏதோ கேட்டார், காக்கா பதில் சொன்னார். அவர் என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துவிட்டு உள்ளே போனார். என்ன கேட்டார் என்று விசாரித்தேன். இந்த உப்பு எதற்கு என்று கேட்டாராம். போகிறவன் பத்திரமாகத் திரும்பி வருவதற்கு என்று காக்கா சொன்னாராம்.

மறுநாள் பூசையில் நாங்கள் மூன்று பேரும் முன் வரிசையில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளையும் விட்டார்கள், பொட்டலங்கள் மட்டும் இல்லை. கருவாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வேலை மாறியது. சொந்தமாக லைசென்ஸ் எடுத்தோம். பெட்டியில் ஒரு துண்டுக் காகிதம் வைத்தாலும் பட்டியலில் எழுதுகிறோம். கருவாட்டோடு நேந்திரம் சிப்சும் மரச்சீனிக் கிழங்கு வற்றலும் சேர்ந்தன. இன்று தனியாக ஒரு இணையதளமே இருக்கிறது, பக்கத்து நாடுகளிலிருந்தும் ஆர்டர் வருகிறது. இதெல்லாம் ஆண்டவர் கொடுத்ததுதான். ஆனால் எனக்குள் நடந்த மாற்றம் வேறு. எங்காவது ஒரு பெண் அலுவலக வாசலில் பாஷை தெரியாமல் நிற்கிறாள் என்று கேள்விப்பட்டால் வேலையைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறேன். இப்போது எனக்கு அரபி ஓரளவு வரும். தப்பாகப் பேசினாலும் நின்று கேட்கிறார்கள். நோன்பு மாதத்தில் அமீர் காக்கா வீட்டுக் கஞ்சி எங்கள் வீட்டுக்கு வரும். கிறிஸ்துமஸ் அன்று காலையில் எங்கள் வீட்டு முந்திரிக்கொத்துப் பலகாரம் அவர்கள் வீட்டுக்குப் போகும்.

மாமியாரிடம் அடுத்த வருடம் லீவில் போனபோதுதான் சொன்னோம். வீட்டு முற்றத்தில் வலை விரித்து நெத்திலி காயப்போட்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். ஜாரைப் பற்றிக் கேட்டதும்தான் அவருக்குக் கோபம் வந்தது. கோயில் உப்பைக் கறி ஜாரிலா அரைப்பேன், புது ஜாராக்கும் என்றார். நெத்திலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தார். உங்களுடைய உப்பால் வந்த வினை மாமி, இனிமேல் வைக்காதீர்கள் என்றேன். தலை நிமிர்த்தாமலே பேசினார்.

“இனி வைக்கல்ல மக்களே. ஆனா ஒண்ணு கேக்கட்டா? உப்பு அவனப் பிடிச்சுக் குடுத்துதுண்ணு சொல்லுத. சோதிச்சுப் பாத்து, உப்பில்லாம வேற ஒண்ணும் இல்லண்ணு கண்ட பொறவுதானே எனக்க மவன விட்டாங்க?”

நானும் நெத்திலியைத் திருப்பிப் போட்டேன்.

அன்பானவர்களே, உங்களில் யாருக்காவது இப்போது பயம் பிடித்திருக்கலாம். விசாவோ, தொழிலோ, ஸ்கேன் ரிப்போர்ட்டோ, எதுவாகவும் இருக்கட்டும். பயம் போன பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அழகான வார்த்தையும் தேட வேண்டாம். என்ன வேண்டுமோ அதை அப்படியே கேளுங்கள். நான் நடுங்கிக்கொண்டேதான் கேட்டேன், பாதி கோபத்தில்தான் கேட்டேன். கதவு திறந்து என் வீட்டுக்காரர் நடந்து வந்தபோதும் நான் நடுங்கிக்கொண்டுதான் இருந்தேன். அவர் வந்துவிட்டார்.